ஆய்வுக் கணினிகளில் பணிசெயல் முறைமையை மாற்றுதல்

இரத்மலானை விமான நிலையத்தில் அளக்கப்படும் மழைவீழ்ச்சி, வெப்பநிலை, காற்று முதலியவற்றின் பதிவுகள் பல்லாண்டுகளாகச் சேர்ந்து வருபவை. அப்பகுதிப் பயிர்களின் நீர்த்தேவையைக் கணிக்க முற்படும் ஆய்வாளருக்கு இத்தகைய பதிவுகளே மூலப்பொருள். கணிப்பைச் செய்வது கணினி. அக்கணினியின் எல்லாப் பகுதிகளையும் இயக்கும் அடிப்படை மென்பொருள் பணிசெயல் முறைமை எனப்படும்.

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியுடன் முடிவுற்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் பெறாத பொறியை வலையமைப்பில் விட்டுவைத்தல் நன்றன்று. ஆயினும் ஆராயாது மாற்றுதல் அதனினும் தீது.

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் வெளியிட்ட ‘குரொப்வாட்’ என்னும் நீர்த்தேவைக் கணிப்பு மென்பொருளை நோக்குக. அதன் 5.7 ஆம் பதிப்பு 1992 இல் டொஸ் முறைமைக்கென வெளிவந்தது, 8.0 ஆம் பதிப்பு விண்டோஸுக்கு உரியது. விண்டோஸ் 11 ஓ 64 பிட் வகையாக மட்டுமே கிடைக்கின்றது. டொஸ் காலத்து நிரல்கள் அதில் நேரே இயங்கா. அவற்றைக் கைவிடவேண்டுவதில்லை, பழைய பொறியைப் போல நடிக்கும் ‘டொஸ்பொக்ஸ்’ போன்ற மென்பொருளினுள் வைத்து இயக்கலாம்.

இயங்காத நிரல் தன் குறையைத் தானே காட்டிவிடும். இயங்கிக்கொண்டே பிழையான விடை தரும் நிரலே அஞ்சத்தக்கது. புதிய முறைமையில் திகதி எழுதும் ஒழுங்கு அமெரிக்க வழக்கில் அமைந்துவிடின், 3/10 எனப் பதிந்த ஒக்டோபர் 3 ஆந் திகதி மழை மார்ச்சு 10 ஆந் திகதிக்குச் சென்றுவிடும். பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட காலத்துப் பெருமழை இவ்வாறு இடம்மாறினால், ஒக்டோபரில் தேவையற்ற பாசனமும் மார்ச்சில் நீர்ப்பற்றாக்குறையும் விளையும். வயலில் பயிர் வாடிய பின்னரே பிழை புலப்படும்.

ஆதலின், முன்னர் விடை கண்ட ஒரு போகத்தின் தரவுகளைப் பழைய பொறியிலும் புதிய பொறியிலும் இட்டு, விடைகளை வரிவரியாக ஒப்பிடவேண்டும். கடைசித் தசமத்தானத்தில் சிறு வேறுபாடு தோன்றுவது இயல்பு. மாத மழைத்தொகை மாறுபடின், கோப்பு வாசிக்கப்பட்ட முறையிலேயே பிழையுண்டு.

வானிலைக் கருவிகளை இணைக்கும் இயக்கிமென்பொருள் புதிய முறைமைக்குக் கிடைக்குமா என்பதையும் முன்னரே விசாரித்தல் வேண்டும். ஒப்பீடு முடியும்வரை பழைய வன்தட்டை அழித்தலாகாது.