செல்வாக்கை அளப்பது எவ்வாறு?

மக்கள் தொடர்புத் துறையினர் நெடுங்காலம் கையாண்டுவந்த அளவுகோல் ஒன்றுண்டு. ஒரு நிறுவனத்தைப் பற்றிய செய்தி நாளிதழில் எவ்வளவு இடம் பெற்றதோ, அவ்வளவு இடத்திற்குரிய விளம்பரக் கட்டணமே அச்செய்தியின் மதிப்பு எனக் கொள்ளப்பட்டது. இடத்தை மட்டும் அளந்தால், கண்டித்து எழுதிய செய்திக்கும் அதே விலைதான்!

2010இல் ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனாவில் கூடிய அத்துறையின் அளவீட்டு வல்லுநர்கள் ஏழு கொள்கைகளை வகுத்து, விளம்பர விலை மக்கள் தொடர்பின் மதிப்பாகாது என அறிவித்தனர். செய்தி எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பதைவிட, அவர்களுடைய அறிவிலும் மனப்பான்மையிலும் நடத்தையிலும் நேர்ந்த மாற்றம் யாது என்பதே அவர்கள் முன்வைத்த கேள்வி. இதனை அறியவேண்டுமாயின், பணி தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் மக்களையே கேட்டறிதல் வேண்டும். அதற்குப் பொருளும் காலமும் மிகுதியாகத் தேவை. எனவேதான் எளிய எண்களுக்கு வரவேற்பு குறைவதில்லை. 2008இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற கிளவுட் என்னும் நிறுவனம், சமூக ஊடகங்களில் எழுதுவோரின் செல்வாக்கிற்கு 1 முதல் 100 வரை மதிப்பெண் இட்டது. அச்சேவை 2018இல் நின்றுபோயிற்று.

நம் திருச்சபைகளின் ஊழிய அறிக்கைகள் பலவும் எண்ணிக்கையையே நம்பியிருக்கின்றன: கைப்பிரதிகள் இத்தனை ஆயிரம், கூட்டங்கள் இத்தனை. கைப்பிரதியைப் பெற்றுக்கொண்டவரை ஓராண்டு கழித்துச் சந்தித்து, அவர் கூறியதைப் பதிவுசெய்த அறிக்கையை நாம் அரிதாகவே காண்கிறோம்.