எத்தனை இலை?

கல்யாணச் சமையலுக்கு ஆள் பேசப் போனால், சமையல்காரர் முதலில் கேட்பது "எத்தனை இலை?" என்றுதான். அதைச் சொன்ன பிறகுதான் அரிசி எத்தனை கிலோ, அடுப்பு எத்தனை, பரிமாற எத்தனை பேர் என்று பட்டியல் போடுவார். வணிகத் திட்டமும் அப்படித்தான் இயங்குகிறது. விற்பனை எண்ணிக்கைதான் இலைக் கணக்கு. மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். நம்மில் பலர் எழுதும் திட்டத்தில் நோக்கம், இலட்சியம் என்று நான்கு பக்கம் இருக்கும். இலைக் கணக்கு மட்டும் இருக்காது.

ஜொகூரில், மாசாயில் ஒருவர் சிறு கடை எடுத்து இட்லி மாவு அரைத்து விற்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மளிகைக் கடைக்கு ஒரு பொட்டலம் 4.50 வெள்ளி. அரிசி, உளுந்து, பைக்கு 2 வெள்ளி போனால் கையில் நிற்பது 2.50. இனி மாதச் செலவு: வாடகை 1,500. ஓர் ஆளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700. இது 2025 ஆகஸ்ட் முதல் எல்லா முதலாளிகளுக்கும் கட்டாயம். 13 விழுக்காடு இபிஎஃப், சொக்சோ எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 1,950. மின்சாரம், பெட்ரோல் 700. கடன் தவணை 450. மொத்தம் 4,600. அதை 2.50ஆல் வகுத்தால் 1,840 பொட்டலம். மாதம் 26 நாள் வேலை என்றால் நாளுக்கு 71. இதில் முதலாளிக்கு ஒரு காசும் இல்லை! அவர் வீட்டுக்கு 2,000 எடுத்துப்போக வேண்டுமானால் நாளுக்கு 102 விற்க வேண்டும்.

தெக்குன் நேஷனல் 2008 முதல் இந்தியச் சமூகத்துக்கென நடத்தும் ஸ்பூமி கடனுக்குப் போனாலும், வங்கிக்குப் போனாலும், பதில் வைத்திருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த 102ஐ யார் வாங்குவார்கள்? "எல்லாரும் இட்லி சாப்பிடுகிறார்கள்" என்பது பதிலாகாது. எந்தத் தாமானில் எத்தனை கடை, கடைக்கு எத்தனை பொட்டலம், விற்காததைத் திருப்பித் தருவார்களா என்று நேரில் கேட்டு எழுதியதுதான் பதில்.

அடுத்தது நேரம். கடைக்காரர் மாதக் கடைசியில் பணம் தருவார். உளுந்துக்கு இன்றே கொடுக்க வேண்டும். பந்தி உட்கார்ந்த பிறகு சாம்பார் கொதித்து என்ன பயன்? அதனால் முதல் 12 மாதத்துக்கு, எந்த மாதம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று தனித்தனியாக எழுத வேண்டும். லாபத்தில் ஓடும் கடையும் கைக்காசு இல்லாமல் மூடிவிடும்.

எஸ்எஸ்எம் பதிவு, மாநகர் மன்ற உரிமம், உணவு கையாளுவோர் பயிற்சி, டைபாய்டு ஊசி ஆகியவற்றைச் செலவோடு ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

ஜொகூருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: ஆள் நிற்பதில்லை. தொழில் பழகியவருக்குச் சிங்கப்பூர்ச் சம்பளம் பாலத்துக்கு அந்தப் பக்கம் காத்திருக்கிறது; ஆர்டிஎஸ் ரயில் அந்தப் பயணத்தை இன்னும் எளிதாக்கும். அவர் போய்விட்டால் மறுநாள் மாவு அரைப்பது யார் என்று திட்டத்தில் ஒரு பத்தி கண்டிப்பாக இருக்க வேண்டும்.

கடைகளைக் கேட்டுப் பார்த்து 60 பொட்டலம்தான் தேறுகிறது என்றால், அந்தக் கடன் மனுவைத் தயவுசெய்து இப்போது கொடுக்காதீர்கள். வாடகையையோ ஆளையோ குறைத்துக் கணக்கை மறுபடி போடுங்கள்.