மவுஸ் பிடித்து மலை ஏறுவோம்: சான் பிரான்சிஸ்கோ

வெளியூர் கிளம்பும் முன் கூகுள் மேப்ஸில் தூரம் பார்ப்பது இன்று அனைவருக்கும் பழக்கமாகிவிட்டது. ஆனால் மேப்பில் சட்டென்று தெரியாத ஒன்று உண்டு. அதுதான் ஏற்றம். சான் பிரான்சிஸ்கோ போன்ற ஊரில் தூரத்தை விட ஏற்றம்தான் முக்கியம்.

மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த இந்த நகரம் ஏறக்குறைய 7 மைல் நீளம், 7 மைல் அகலம்தான். ஆனால் அதற்குள் 40க்கும் மேற்பட்ட குன்றுகள் உள்ளன. தெருக்களை வளைக்காமல், கட்டம் போட்டது போல் குன்றுகளின் மீதே நேராகப் போட்டுவிட்டார்கள். ஃபில்பர்ட் தெருவின் ஒரு பகுதியில் சரிவு 31.5 சதவீதம். அதாவது 100 அடி முன்னே சென்றால் 31.5 அடி மேலே ஏறியிருப்பீர்கள்!

மூட்டு வலியுள்ள என் அம்மாவை அங்கே அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. எங்கே நடக்கலாம், எங்கே வண்டி வேண்டும் என்பதை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே முடிவு செய்தேன். அந்த வழியை நீங்களும் பின்பற்றலாம்.

ஏற்றத்தை அளப்பது எப்படி?

கூகுள் எர்த் ப்ரோ 2015 முதல் இலவசம். டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். மேலே உள்ள 'ஆட் பாத்' பட்டனைக் கிளிக் செய்து, செல்ல வேண்டிய தெரு வழியாகப் புள்ளிகள் வைத்து, பெயர் கொடுத்து ஓகே கொடுங்கள். இடது பக்கப் பட்டியலில் அந்தப் பெயர் மீது ரைட் கிளிக் செய்து, 'ஷோ எலிவேஷன் ப்ரொஃபைல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பாதையின் மேடு பள்ளம் கீழே வரைபடமாக விரியும்.

எட்டு வளைவுகள் கொண்ட லம்பார்ட் தெருவின் உச்சியிலிருந்து, 1933ல் கட்டி முடித்த காயிட் டவர் வரை கோடு வரைந்தேன். தூரம் சுமார் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் வரைபடம் தூளி போல் நடுவில் தொய்ந்து நின்றது. ஒரு குன்றிலிருந்து இறங்கி அடுத்த குன்றில் ஏற வேண்டும்! அந்த நடையை அப்போதே கைவிட்டு, டாக்ஸி என்று குறித்துக் கொண்டேன்.

லம்பார்ட் உச்சிக்கு பவல்-ஹைடு கேபிள் கார் செல்கிறது. குதிரைகள் திணறிய இந்த மேடுகளுக்காக ஆண்ட்ரூ ஹாலிடி 1873ல் தொடங்கிய ஏற்பாடு இது. தெருவுக்கு அடியில் மணிக்கு 9.5 மைல் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் இரும்பு வடத்தை, வண்டி கிடுக்கி போல் பிடித்துக்கொண்டு நகர்கிறது.

தெருவைக் கண்ணால் பார்க்க

கூகுளின் ஸ்ட்ரீட் வியூ 2007ல் தொடங்கியபோது அதில் இடம்பெற்ற முதல் ஐந்து நகரங்களில் இதுவும் ஒன்று. மேப்பின் வலது கீழ் மூலையில் உள்ள மஞ்சள் பொம்மையை மவுஸால் இழுத்துத் தெருவில் விடுங்கள். படத்தில் சரிவு குறைவாகத் தெரியலாம். எனவே சாலையைப் பார்க்காமல் வீடுகளைப் பாருங்கள். ஜன்னல்கள் மட்டமாக இருக்க, நடைபாதை கோணலாக ஓடினால் அது ஏற்றம்தான். படம் எடுத்த மாதமும் ஆண்டும் திரையில் இருக்கும். பழைய படமென்றால் அதில் தெரியும் கடை இன்றும் இருக்கிறதா என்று தனியே பார்த்துவிடுங்கள்.

சமதளத்தில் சாப்பாடு

நல்ல செய்தி என்னவென்றால், சாப்பாட்டுக்கு மலை ஏற வேண்டாம். 1898ல் திறந்த ஃபெர்ரி பில்டிங் கடலோரச் சமதளத்தில் உள்ளது. அங்கிருந்து எஃப் லைன் டிராமில் ஏறினால் ஃபிஷர்மென்ஸ் வார்ஃப் வந்துவிடும். அங்கே 1849ல் தொடங்கிய பூடின் பேக்கரியின் கடை இருக்கிறது. நம் இட்லி மாவு போல் புளிக்கவைத்துச் சுடும் சவர்டோ ரொட்டிதான் இந்த ஊரின் அடையாளம். ரொட்டியைக் குடைந்து ஊற்றித் தரும் சூப்பில் கடல் சிப்பி இருக்கும். சைவர்கள் கவனிக்கவும்.

மிஷன் பகுதியின் 24வது தெருவும் பெரும்பாலும் சமதளம். பார்ட் ரயிலில் இறங்கி, பாமி சந்தின் சுவர் ஓவியங்கள் வரை மெதுவாக நடக்கலாம். சோறும் பீன்ஸும் வைத்துச் சுருட்டிய புரிட்டோ இங்கே பிரபலம். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஜூலை, ஆகஸ்டிலும் மூடுபனியும் குளிர்காற்றும் உண்டு. ஸ்வெட்டர் அவசியம். கோல்டன் கேட் பாலத்தைப் பார்க்கக் கிளம்பும் முன், நேரடிக் கேமரா காட்டும் வலைத்தளம் ஒன்றைத் திறந்து, பாலம் தெரிகிறதா என்று பாருங்கள்.

வயதானவர்களுடன் செல்பவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். தூரம், ஏற்றம், உட்கார இடம் மூன்றையும் ஒவ்வொரு இடத்துக்கும் எழுதி ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துக் கொள்ளுங்கள். எந்த இடத்தில் நடை, எந்த இடத்தில் வண்டி என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.