உம்மப்பாவின் பெட்டியில் இருந்த இரும்பு

ராகலையில் எங்கள் வீட்டைத் துப்புரவாக்கியபோது, உம்மப்பாவின் தச்சுப் பெட்டியைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க வாப்பா எடுத்துவைத்தார். அதற்குள் உள்ளங்கை நீளத்தில் ஒரு தட்டையான இரும்பு. ஓரத்தில் ஐந்து வெட்டுகள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் அகலம். தம்பி ஸ்பேனர் என்றான். எந்த நட்டும் நுழைய முடியாத ஒடுக்கம்! கூர்மையும் இல்லை. ஆனால் வெட்டுகளின் வாய் மட்டும் தேய்ந்து மினுங்கியது. மெல்லிய தகடு ஏதோ அங்கே அடிக்கடி நுழைந்திருக்கிறது.

பெட்டியிலிருந்த கைவாளின் பல்லில் மாட்டிப் பார்த்தேன். ஒரு வெட்டு அளவாகப் பொருந்தியது. வாளைக் கண்ணுக்கு நேரே பிடித்தால், ஒரு பல் இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் சாய்ந்திருப்பது தெரியும். அந்தச் சாய்வை வைக்கும் கருவிதான் இது. பற்கள் நேராக நின்றால் அறுக்கும் வழி தகட்டின் தடிப்பளவே இருக்கும். வாள் மரத்துக்குள் இறுகிவிடும். சாய்ந்திருந்தால் வழி அகலும், தூளும் வெளியேறும். பச்சை மரத்துக்குச் சாய்வு கூடுதலாக வேண்டும். ரோமானியரான பிளினி கி.பி. 77 அளவிலேயே பல் சாய்ப்பதைப் பற்றி எழுதிவிட்டார்.

நானும் ஒரு பல்லை வளைத்தேன். அடியோடு பிடித்ததால் உடைந்தது. நுனிப் பாதியை மட்டும்தான் வளைக்க வேண்டும்.

உம்மும்மா சிரித்தார். "ஒங்க உம்மப்பா ராவையில லாம்பு வெளிச்சத்துல இதத்தான் செஞ்சிக்கிட்டு இருப்பாரு மகள். நான் அரம் தேய்க்கிறாருன்னு நெனச்சேன்."

வாப்பா ஒன்றும் பேசாமல் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.