வலி போயிடுச்சு... முழங்கால் தயாரா? ஜவ்வு கிழிந்த குழந்தைகளுக்கு ‘நொண்டி’ டெஸ்ட் ஏன்?

முழங்கால் ஜவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து ஆறேழு மாதம் ஆகியிருக்கும். வீக்கம் இல்லை, வலி இல்லை. மாடிப்படியில் தடதடவென்று இறங்கும் 12 வயதுப் பிள்ளை கேட்பது ஒரே கேள்விதான்: “எப்போ கிரவுண்டுக்குப் போகலாம்?” டாக்டரோ, “டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்றேன்” என்கிறார். வலியே இல்லாதபோது எதற்கு டெஸ்ட்? அதில் என்னதான் பார்க்கிறார்கள்?

எந்த ஜவ்வு இது?

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்காகக் கட்டியிருக்கும் கயிறு போன்றது ஏ.சி.எல். கீழ்க்கால் எலும்பு முன்னால் சறுக்காமலும், சட்டெனத் திரும்பும்போது மூட்டு பிசகாமலும் பிடித்துக்கொள்வது இதன் வேலை. ஃபுட்பால், பாஸ்கெட்பால், கபடி என்று ஓடி, நின்று, திரும்பும் ஆட்டங்களில் இது கிழியலாம். பல நேரம் யாரும் மோதாமலேயே கிழிந்துவிடும்.

குழந்தைகளிடம் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அவர்களின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் திறந்திருக்கும். கால் நீளமாக வளர்வதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, முழங்காலுக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு தட்டுகளிலிருந்துதான் வருகிறது. அதனால் அந்தத் தட்டுகள் பாதிக்காதபடி அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். சில குழந்தைகளுக்கு அறுவை இல்லாமல் பயிற்சி மட்டுமே முதலில் தரப்படுவதும் உண்டு. எந்த வழியாக இருந்தாலும், கடைசியில் கால் தயாரா என்று பார்த்தே ஆக வேண்டும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்?

திரும்பவும் கிழியலாம். 2016-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 25 வயதுக்குட்பட்டு, அறுவைக்குப் பின் விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் சுமார் 23 சதவீதம் பேருக்கு ஏ.சி.எல். மறுபடி கிழிந்திருந்தது. கிட்டத்தட்ட நாலில் ஒருவர். சிலருக்கு அதே கால், சிலருக்கு நல்லா இருந்த மற்றொரு கால். கூடவே, மூட்டு அடிக்கடி நழுவினால் உள்ளே குஷன் போல இருக்கும் மெனிஸ்கஸும் சேதமாகும். 12 வயதில் கெட்டுப்போகும் மூட்டை வைத்துக்கொண்டுதான் மீதி வாழ்க்கை முழுக்க நடக்க வேண்டும்.

நொண்டி அடித்தால் என்ன தெரியும்?

பிசியோதெரபிஸ்ட் தரையில் டேப் ஒட்டி, பிள்ளையை ஒற்றைக்காலில் தாவச் சொல்வார். நம்ம ஊர் நொண்டிதான். வழக்கமாக நான்கு வகை: ஒரே தாவல், தொடர்ந்து மூன்று தாவல், கோட்டின் இரு பக்கமும் மாறி மாறித் தாவுதல், 6 மீட்டரை எத்தனை நொடியில் கடக்கிறார் என்பது.

தூரத்துக்கான கணக்கு எளிது. காயம்பட்ட கால் 108 செ.மீ., நல்ல கால் 120 செ.மீ. தாவினால் 90 சதவீதம். பெரியவர்களுக்கு 90 சதவீதத்தைத்தான் பல இடங்களில் ‘பாஸ் மார்க்’ ஆக வைக்கிறார்கள். இதோடு தொடையின் முன்பக்கத் தசையின் பலத்தையும் கருவி வைத்து அளந்து, இரண்டு காலையும் ஒப்பிடுவார்கள்.

90 வந்தாலே போதுமா?

போதாது. மூன்று காரணங்கள்.

ஒன்று, ‘நல்ல கால்’ நல்ல அளவுகோல் இல்லை. மாதக்கணக்கில் ஓடாமல் இருந்ததில் அதுவும் பலம் இழந்திருக்கும். காயத்துக்கு முன் இரண்டு காலும் 140 செ.மீ. தாவியிருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 108-ஐ 120-ஓடு ஒப்பிட்டால் 90. பழைய 140-ஓடு ஒப்பிட்டால் வெறும் 77. குழந்தை என்றால் இடையில் உயரமும் எடையும் கூடியிருக்கும். பழைய கணக்கும் முழுசாகப் பொருந்தாது. அதனால் அதே வயது, அதே உடல்வாகு உள்ள பிள்ளைகளோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இரண்டு, தூரம் ஏமாற்றும். முன்னோக்கித் தாவும்போது பெரும்பாலான வேலையை இடுப்பும் கணுக்காலுமே செய்துவிடுகின்றன. கத்தாரின் அஸ்பெட்டார் மருத்துவமனையில் வளர்ந்த ஆண் விளையாட்டு வீரர்களை ஆராய்ந்தபோது, முன்னோக்கி உந்துவதில் முழங்காலின் பங்கு சுமார் எட்டில் ஒன்றுதான். நேராக மேலே குதிக்கும்போது அது மூன்றில் ஒரு பங்கு. ஆக, முழங்கால் பலவீனமாக இருந்தாலும் தூரத்தில் ‘பாஸ்’ ஆகிவிடலாம். எவ்வளவு தூரம் என்பதோடு எப்படி இறங்குகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறதா? மடங்காமல் விறைப்பாக இறங்குகிறதா? உடம்பு ஒரு பக்கம் ஆடுகிறதா? மொபைலில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டினாலே நிறையத் தெரியும்.

மூன்று, குழந்தை குழந்தைதான். ஒரு தடவை உற்சாகமாகத் தாவும், அடுத்த தடவை கவனம் சிதறும். இந்த டெஸ்டுகள் பெரும்பாலும் பெரியவர்களை வைத்து உருவானவை. பருவமடையாத பிள்ளைகளிடம் அளவீட்டுப் பிழை அதிகம் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2018-ல் வெளியிட்ட நிபுணர் அறிக்கையே எச்சரிக்கிறது. அதனால் முதலில் பழகவிட்டு, பலமுறை தாவவைத்து, சில வாரம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும். ஒரு நாள் மார்க்கை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

பிள்ளையின் வாயால் கேளுங்கள்

காலை அளந்தால் மட்டும் போதாது. ‘பீடி-ஐ.கே.டி.சி.’ போன்ற கேள்வித்தாள்கள் குழந்தைகளுக்காகவே எளிய மொழியில் உள்ளன. வலி, வீக்கம், மூட்டு நழுவுகிற உணர்வு, எதைச் செய்ய முடிகிறது என்று பிள்ளையே பதில் சொல்லும். பயமும் முக்கியம். “திரும்ப விழுந்துடுவேனோ” என்று தயங்கும் பிள்ளையை, மார்க் வந்துவிட்டது என்பதற்காகத் தள்ளிவிட வேண்டாம்.

காலண்டரையும் மறக்கக் கூடாது. புதிதாக வைத்த ஜவ்வு உடம்போடு ஒன்றிப் பலமாக நாளாகும். அறுவை செய்த பிள்ளைகளுக்குக் குறைந்தது 9 மாதப் பயிற்சி வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். திடீரெனத் திரும்பும் ஆட்டங்களுக்கு 12 மாதம் வரை பொறுக்கச் சொல்லும் நிபுணர்களும் உண்டு. டெஸ்டும் பாஸ் ஆக வேண்டும், மாதமும் கடக்க வேண்டும்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

* தொடைத் தசையின் பலத்தை அளந்தீர்களா? நல்ல காலோடு மட்டும்தான் ஒப்பிட்டீர்களா?
* தாவி இறங்கும் விதத்தை வீடியோவில் பார்த்தீர்களா?
* போன டெஸ்டுக்கும் இதற்கும் எவ்வளவு முன்னேற்றம்?
* முதலில் தனியாக ஓட்டம், பிறகு டீமோடு பயிற்சி, அப்புறம் மேட்ச். ஒவ்வொன்றும் எப்போது?
* திரும்பப் போன பிறகும் எந்தப் பயிற்சிகளைத் தொடர வேண்டும்?

இந்த டெஸ்டை வீட்டு ஹாலில் நீங்களே செய்து பார்க்காதீர்கள். தயாராகாத காலுக்கு ஒரு தாவலே அதிகம். பள்ளி பி.டி. சாரிடமும் கோச்சிடமும் தேதியைச் சொல்லி வையுங்கள். “ஒரே ஒரு மேட்ச்தானே” என்று அவர்கள் கேட்டால், வேண்டாம் என்று சொல்ல வேண்டியது பிள்ளை இல்லை, நீங்கள்தான்.