தொலைந்த பாஸ்போர்ட்டைவிடப் பிழையான பாஸ்போர்ட் ஆபத்து

அறந்தாங்கியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா நகல், ஆதார் பிரிண்ட், ஜெராக்ஸ் எல்லாம் உண்டு. ஆனாலும் பாஸ்போர்ட் வேலைக்கு வருகிறவர்கள்தான் அதிகம். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேராவது சிங்கப்பூரிலோ குவைத்திலோ துபாயிலோ இருப்பார்கள்.

"தங்கச்சி, பாஸ்போர்ட் தொலைஞ்சுபோச்சு. ஒரு டூப்ளிகேட் போட்டுக் குடு" என்று பதறிக்கொண்டு வருவார்கள். டூப்ளிகேட் என்று ஒன்று கிடையாது. பழையதை ரத்து செய்துவிட்டு, புது எண்ணோடு புது பாஸ்போர்ட்தான் தருவார்கள். விண்ணப்பத்தில் அதற்கு ரீ-இஷ்யூ என்று பெயர். தொலைந்ததற்கும் சேதமானதற்கும் 36 பக்கப் புத்தகத்துக்கு 3,000 ரூபாய். காலாவதியானதைப் புதுப்பிக்க 1,500தான். தட்கல் என்றால் மேலே 2,000.

தொலைந்தது தெரிந்த அன்றைக்கே போலீஸில் பதிவு செய்துவிடுங்கள். அந்த அறிக்கையோடு, எங்கே, எப்படித் தொலைந்தது என்று உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும். போலீஸில் பஸ்ஸில் தொலைந்தது என்றும், பத்திரத்தில் வீட்டில் காணவில்லை என்றும் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பழைய பாஸ்போர்ட்டின் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்க நகல் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இதைப் படிக்கிறவர்கள் இன்றே அந்தப் பக்கங்களை செல்போனில் படமெடுத்து வையுங்கள். வெளிநாட்டில் தொலைத்தவர்கள் இந்தியத் தூதரகத்துக்குத்தான் போக வேண்டும். புது பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்க முடியாதவர்களுக்கு ஊர் திரும்ப மட்டும் ஒரு அவசரச் சான்று கொடுப்பார்கள். அவுட்பாஸ் என்று நம் ஆட்கள் சொல்வது அதைத்தான்.

புதியது வந்த பிறகு பழையது பீரோவுக்கு அடியில் கிடைக்கும். அதில் விசா இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டு விமான நிலையம் போகாதீர்கள். ரத்தான பாஸ்போர்ட் அது. பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும்.

ஏஜென்ட் பிடித்துவைத்திருக்கும் பாஸ்போர்ட்டைத் தொலைந்ததாக எழுதிக் கொடுக்கச் சொல்பவர்களும் உண்டு. எழுதவே மாட்டேன். பொய்த் தகவல் கொடுத்தால் 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி சிறைக்குப் போக நேரும். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து என்கிறது. அதைப் பிடித்துவைக்க எந்த ஏஜென்டுக்கும் உரிமை இல்லை. போலீஸில் கொடுக்க வேண்டிய புகார் அதுதான்.

சேதம் என்றால் தண்ணீரில் நனைந்தது, பிள்ளை கிழித்தது என்று நினைக்கிறோம். நான் அதிகம் பார்ப்பது மஞ்சளும் குங்குமமும். புது பாஸ்போர்ட்டைப் பிள்ளையார் காலடியில் வைத்துக் கும்பிடுவது நல்லதுதான். ஆனால் பொட்டை உள்ளே வைத்துவிடுகிறார்கள். போட்டோ இருக்கும் பக்கத்தின் அடியில் 44 எழுத்துகளாக இரண்டு வரிகள் ஓடும். விமான நிலையத்தில் இயந்திரம் படிப்பது அவற்றைத்தான். ஈரக் குங்குமம் அந்த வரியில் இறங்கிவிட்டால் சிக்கல். கும்பிடும்போது ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

தொலைத்தவர்களாவது உடனே ஓடி வருகிறார்கள். பிழையோடு வைத்திருப்பவர்கள் வருவதே இல்லை. "இத்தனை வருஷம் இதுலதானே போயிட்டு வந்தேன்" என்பார்கள். என் கவலையெல்லாம் இவர்களைப் பற்றித்தான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதியாக வேண்டும். சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரைப் போடுகிறவர்களும் உண்டு, காலியாக விட்டவர்களும் உண்டு. அப்படிக் காலியாக விட்ட ஒற்றைப் பெயர்க்காரர்களை வருகை விசாவிலும் சுற்றுலா விசாவிலும் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பிறகு சில தளர்வுகள் வந்தன. என்றாலும், காலி விட்ட ஒரு கட்டம் எவ்வளவு பெரிய தொல்லை என்று எங்கள் ஊருக்கு அப்போதுதான் புரிந்தது.

எழுத்துப்பிழையும் இப்படித்தான். பள்ளிச் சான்றிதழில் செல்வராசு, ஆதாரில் செல்வராஜ், பாஸ்போர்ட்டில் செல்வராஜு. ஊரில் மூன்றும் ஒரே ஆள்; கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். வேலை பார்த்த நாட்டில் பணமோ இழப்பீடோ வாங்க வேண்டி வந்தால், குடும்பம் இந்த ஒரு எழுத்துக்காக அலையும். பிறந்த தேதி என்றால் இன்னும் கடினம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் ஆதாரம். பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் வாங்கும்போதே ஒவ்வொரு எழுத்தையும் சரிபாருங்கள்.

திருத்தம் கேட்பவர்கள் முதலில் மற்ற ஆவணங்களை ஒரே மாதிரி ஆக்கிக்கொண்டு வாருங்கள். முழுப் பெயரையே மாற்றுவதானால் நாளிதழ் விளம்பரம், அரசிதழ் என்று ஆவணம் கூடும்.

எங்கள் ஊர்க்காரர்கள் திருச்சியிலோ தஞ்சாவூரிலோ உள்ள பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்குப் போவார்கள். அங்கே ஏ கவுன்ட்டரில் போட்டோவும் கைரேகையும் எடுத்தபின், உங்கள் விவரங்களை உங்கள் பக்கம் திரும்பிய திரையில் காட்டுவார்கள். அவசரப்படாதீர்கள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, ஊர் என்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள். இங்கிலீஷ் வராதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டாவது படித்துவிடுங்கள். தப்பு இருந்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள். சந்தேகம் கேட்க 1800 258 1800 இருக்கிறது, கட்டணம் கிடையாது.