கொல்லையிலேயே இருக்கிறது சத்து



"ஐயா, தலை சுத்துது, சத்து ஊசி ஒண்ணு போட்டு விடுங்க." தோட்ட மருந்தகத்தில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்துப் போயிருக்கும். "காலையில என்ன பசியாறினீங்க?" என்று கேட்டால், "தேத்தண்ணியும் ரொட்டியுந்தான்" என்பார்கள். சம்பளம் போட்டதும் விலை கூடிய டின் மாவுகளை வாங்குகிறோம். கைக்கு எட்டிய சத்தை மறந்து விடுகிறோம். அப்படி மறந்த நான்கைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1. புழுங்கல் அரிசி: இது கிழவர்கள் சாப்பாடு என்று பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் ஒரு சோதனை செய்தார். நோயாளிகளில் ஒரு பாதிக்குத் தீட்டிய வெள்ளை அரிசி, மறு பாதிக்குப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரி நோயால் மாண்டனர். புழுங்கல் உண்டவர்களில் அந்நோயால் ஒருவரும் சாகவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கி விடுகிறது. அதுதான் காரணம். இனிப்பு நீர் உள்ளவர்கள் புழுங்கலையும் அளவோடுதான் சாப்பிட வேண்டும்.

2. சாயோர் மானிஸ்: ஊரில் இதைத் தவசிக் கீரை என்பார்கள். ஒரு குச்சியை ஒடித்து நட்டால் போதும், வேலி ஓரம் தழைத்து விடும். புரதம், சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் ஏ, சி எல்லாம் இதில் உண்டு. முட்டை ஊற்றிக் கிளறினால் பிள்ளைகளும் சாப்பிடும். ஆனால் ஒன்று: பச்சையாக அரைத்துச் சாறு குடிக்கக் கூடாது. 1990-களில் தைவானில் உடம்பு இளைக்க வேண்டும் என்று அப்படிக் குடித்த பலருக்கு நுரையீரல் கெட்டுப் போனது. வேகவைத்தே உண்ணுங்கள்.

3. தெம்பே: ஜாவாக்காரர்கள் நமக்குக் கொடுத்த நல்ல பண்டம். சோயா அவரையைப் புளிக்க வைத்துச் செய்வது. 100 கிராம் தெம்பேயில் ஏறக்குறைய 19 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் இருப்பதோ 6 கிராம்தான். வெள்ளிக்கிழமை சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைப் பிரட்டலாகவோ குழம்பாகவோ வைக்கலாம்.

4. நெத்திலிக் கருவாடு: எலும்போடு மென்று தின்பதால் சுண்ணாம்புச் சத்து நிறையக் கிடைக்கும். உப்பு அதிகம். ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் கழுவிய பிறகே சமையுங்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் குறைத்துக் கொள்வது நல்லது.

இனி மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள்.

முதலாவது, சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள். கீரையிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராமல் தேயிலை தடுத்து விடும். ஒரு மணி நேரம் போகட்டும். கீரையில் எலுமிச்சை பிழிந்து கொண்டால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும்.

இரண்டாவது, மருந்தடித்த நிரையில் முளைத்த கீரையைப் பறிக்கவே பறிக்காதீர்கள். பச்சையாக இருப்பதால் அது சுத்தமானது என்று ஆகாது. களைக்கொல்லி கண்ணுக்குத் தெரியாது. கழுவினாலும் முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது. வீட்டுப் பக்கம் நட்டு வளர்ப்பதே பத்திரம். லயத்தருகே இடம் இல்லையென்றால், நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து, கிளைத் தலைவர் மூலம் நிர்வாகத்திடம் ஒரு துண்டு நிலம் கேளுங்கள். மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லும்படியும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மூன்றாவது, கீரை சாப்பிடுகிறோம் என்று மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள். கர்ப்பிணிப் பெண்கள் கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைத் தவறாமல் விழுங்க வேண்டும். முகம் வெளுத்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால், ஊசி கேட்காதீர்கள். இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்.

இந்த வாரமே ஒரு சாயோர் மானிஸ் குச்சியை நட்டு வையுங்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒன்று ஒடித்துக் கொடுங்கள்.